சிரிக்கிறார், "வலி தாங்கலை" என்கிறார்! நம்புவதா, வேண்டாமா? நர்சு மாணவிகளுக்குப் பாடம் நடத்தும் "முனகும் பொம்மை"

ஒரே ஆஸ்பத்திரி. ஒரே வார்டு. அடுத்தடுத்து 2 கட்டில்கள்.

முதல் கட்டிலில் ஆண்ட்ரூ. வயது 25. நேற்றுதான் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஆனால் பார்க்க வந்தவருடன் சிரித்துப் பேசிக் கொண்டு இருக்கிறார். ஜோக் அடிக்கிறார்.

அடுத்த கட்டிலில் ராபர்ட். அவருக்கும் வயது 25. அவருக்கும் நேற்று வயிற்றில் ஆபரேஷன். அசையாமல் படுத்து இருக்கிறார். திரும்பிப் படுக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார்.

2 பேருக்கும் ரத்த அழுத்தம் 120-க்கு 80. நாடித்துடிப்பு 80. மூச்சு நிமிடத்துக்கு 18.

நர்சு வந்து கேட்கிறார். "வலி எவ்வளவு இருக்குது? வலியே இல்லைன்னா 0. இதுக்கு மேல வலி கிடையாதுன்னா 10. நீங்க எத்தனை சொல்வீங்க?"

2 பேரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "8."

நர்சு தன் சீட்டில் எந்த எண்ணை எழுத வேண்டும்?

ராபர்ட்டுக்கு 8 என்று எழுதலாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் ஆண்ட்ரூ? சிரித்துக் கொண்டு இருக்கிறவருக்கு 8 வலி இருக்குமா? ஊசிக்கு ஆசைப்பட்டு "டிராமா" போடுகிறாரோ?

சரியான விடை: 2 பேருக்கும் 8!

ஆண்ட்ரூவும் ராபர்ட்டும் நிஜ மனிதர்கள் அல்ல. அமெரிக்காவில் நர்சுகளுக்காகத் தயாரிக்கப்பட்ட ஒரு கேள்வித்தாளில் வரும் நோயாளிகள். பெட்டி பெரல், மார்கோ மெக்காபெரி என்ற 2 நர்சுகள் 1987-ம் ஆண்டில் அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தனர்.

பரீட்சை எழுதிய நர்சுகளில் ஏராளமானோர் முகம் சுளித்த ராபர்ட்டை நம்பினார்கள். சிரித்த ஆண்ட்ரூவை நம்பவில்லை. அவருக்கு எண்ணைக் குறைத்துப் போட்டார்கள்!

அடுத்த கேள்வி இன்னும் கடினம். 2 மணி நேரத்துக்கு முன்பு ஆளுக்கு 2 மில்லி கிராம் மார்பின் ஊசி போட்டாகி விட்டது. வலி குறையவில்லை. அசாதாரணத் தூக்கமும் இல்லை. மணிக்கு 1 முதல் 3 மில்லி கிராம் வரை கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதி வைத்து இருக்கிறார். இப்போது எவ்வளவு கொடுப்பது?

விடை: 2 பேருக்கும் 3 மில்லி கிராம்.

இங்கும் பலர் தவறினார்கள். காரணம் பயம். "மூச்சு நின்னு போனா என்ன பண்றது? போதைக்கு அடிமை ஆயிட்டா என்ன பண்றது?"

இந்தப் பயத்தையும், அந்தச் சந்தேகத்தையும் நர்சு மாணவிகளின் மனதில் இருந்து போக்குவதற்குத்தான் இன்று பொம்மைகளும், கம்ப்யூட்டர்களும், காமிராக்களும் களத்தில் இறங்கி இருக்கின்றன.

அதன் விவரம் வருமாறு:-

பாட்டி முனகுகிறாள்!

நர்சு பயிற்சிக் கூடம் ஒன்றில் நடக்கும் பாடம் இப்படி இருக்கும்.

பார்ப்பதற்கு அசல் ஆஸ்பத்திரி அறைதான். கட்டில், குளுக்கோஸ் பாட்டில், ஆக்சிஜன் குழாய், சுவரில் துடிப்பு காட்டும் டெலிவிஷன் திரை. கட்டிலில் ஒரு மூதாட்டி. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள்.

அவள் பிளாஸ்டிக் பாட்டி. ஆனால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. கையைப் பிடித்தால் நாடி துடிக்கிறது. கண் இமை மூடித் திறக்கிறது.

மாணவி உள்ளே வருகிறார்.

"அம்மா... சிஸ்டர்... தாங்க முடியலியே..." என்று பாட்டி முனகுகிறாள்.

குரல் பொம்மையின் தலைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்து வருகிறது. பேசுகிறவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்குடன் உட்கார்ந்து இருக்கும் ஆசிரியை. நாடித்துடிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான்.

"பாட்டி, எங்கே வலிக்குது? குத்துற மாதிரியா, எரியுற மாதிரியா? எப்போலேருந்து? அசைஞ்சா கூடுதா? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?"

இத்தனையும் கேட்டால்தான் மாணவிக்கு மார்க்.

"ஒன்பது" என்கிறாள் பாட்டி.

மாணவி டாக்டரின் சீட்டைப் பார்க்கிறார். கடைசி ஊசி எப்போது போட்டது என்று பார்க்கிறார். அளவைக் கணக்குப் போடுகிறார். மெதுவாக ஊசியை ஏற்றுகிறார். 

பாட்டியின் முனகல் அடங்குகிறது. "நல்லா இரும்மா" என்று ஆசீர்வாதம் வேறு!

மாணவி நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய் விடுகிறார்.

அங்கேதான் வினை!

சில நிமிடங்களில் திரையில் எண்கள் இறங்குகின்றன. மூச்சு 18-ல் இருந்து 12 ஆகிறது. 10 ஆகிறது. 6 ஆகிறது! ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் சரிகிறது. மணி அலறுகிறது.

மாணவி ஓடி வருகிறார். "பாட்டி! பாட்டி!" என்று தோளைத் தட்டுகிறார். பதில் இல்லை. பாட்டியின் உதடு நீலம் பூத்து விட்டது. சில பொம்மைகளில் உதட்டுக்கு அடியில் நீல விளக்கு வைத்து இருப்பார்கள்.

ஆட்களைக் கூப்பிட வேண்டும். ஆக்சிஜன் வைக்க வேண்டும். மாற்று மருந்தான நலாக்சோன் போட வேண்டும். போட்டால் 2, 3 நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் நலாக்சோனின் வேகம் மார்பினுக்கு முன்பே தீர்ந்து போகும். "பிழைச்சாச்சு" என்று மறுபடியும் போய் விட்டால் மறுபடியும் ஆபத்து.

இது அசல் ஆஸ்பத்திரி என்றால் உறவினர்கள் கூடி இருப்பார்கள். போலீஸ் வந்திருக்கும். பிரேதப் பரிசோதனை நடந்திருக்கும்.

இங்கே பாட்டி செத்தாலும் பட்டனைத் தட்டினால் எழுந்து விடுவாள்!

காமிரா காட்டிக் கொடுத்தது

அறையின் மூலையில் காமிரா இருக்கிறது. நடந்தது அத்தனையும் பதிவாகி விட்டது. மாணவிகள் வட்டமாக உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறார்கள். இதற்கு ஆகும் நேரம், பொம்மையுடன் செலவிட்ட நேரத்தை விட அதிகம். உண்மையான பாடமே இதுதான் என்கிறார்கள் பயிற்சி தருகிறவர்கள்.

"நீ தப்பு செஞ்சே" என்று ஆசிரியை திட்டுவது இல்லை. கேள்விதான் கேட்கிறார்.

"இந்த இடத்தில் நீ என்னம்மா நினைச்சே?"

"பாட்டி தூங்கறாங்க, வலி போயிடுச்சின்னு நினைச்சேன், மேடம்."

"அது எந்தத் தூக்கம்?"

அந்த ஒரு கேள்வியில் உயிர் இருக்கிறது. மார்பின் கூடிப் போனால் பெரும்பாலும் முதலில் வருவது மூச்சுக் குறைவு அல்ல. அளவு மீறிய தூக்கம். பேசிக் கொண்டு இருக்கும்போதே கண் சொருகும். தட்டி எழுப்பினால் ஒரு வார்த்தை சொல்லி விட்டு மறுபடியும் சாயும். அந்த நிலையிலேயே கண்டு பிடித்து மருந்தைக் குறைத்தால் ஆபத்து இல்லை. ஆகவே ஊசி போட்ட பிறகு வலியை மட்டும் கேட்டால் போதாது. தூக்கத்தையும் அளக்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும்.

புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் உதடு நீலமாவதை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

1911-ம் ஆண்டு பொம்மை

பொம்மையை வைத்து நர்சுகளுக்குப் பாடம் நடத்துவது புதிது அல்ல.

அமெரிக்காவில் ஹார்ட்போர்டு ஆஸ்பத்திரியின் நர்சுப் பள்ளிக்கு 1911-ம் ஆண்டில் ஆள் உயர பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. குழந்தைகளுக்குத் துணி பொம்மை செய்து விற்று வந்த மார்த்தா சேஸ் என்ற பெண்மணி செய்து கொடுத்தது. மாணவிகள் அதைத் "திருமதி சேஸ்" என்றே அழைத்தார்கள்.

திருமதி சேசைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். உடை மாற்றினார்கள். பிறகு வந்த மாடலில் கையில் ஊசி போட்டுப் பழகும் வசதியும் வந்தது. ஆனால் எத்தனை குத்து வாங்கினாலும் அவள் "ஆ" என்று சொன்னது இல்லை!

1960-ம் ஆண்டு நார்வே நாட்டு பொம்மை வியாபாரி ஆஸ்மண்ட் லேர்டல், வாய் மேல் வாய் வைத்து மூச்சு ஊதிப் பழகும் "ஆன்" பொம்மையை வெளியிட்டார். பாரீசின் சீன் நதியில் பிணமாக மிதந்ததாகச் சொல்லப்படும் அடையாளம் தெரியாத இளம் பெண் ஒருத்தியின் முகத்தை வைத்து அந்தப் பொம்மையின் முகம் செய்யப்பட்டது. அவள் யார் என்பது இன்று வரை தெரியாது. ஆனால் உலகம் முழுவதும் லட்சக் கணக்கானவர்கள் அவள் முகத்தில் மூச்சு ஊதிப் பழகி இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரும் அதே காலத்தில் களத்துக்கு வந்தது. 1960-ம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தில் "பிளேட்டோ" என்ற பாடம் நடத்தும் கம்ப்யூட்டர் தொடங்கப்பட்டது. அதை அமைத்த டொனால்டு பிட்சரின் மனைவி மேரியான் ஒரு நர்சு. அவர் அந்தக் கம்ப்யூட்டரில் நர்சு மாணவிகளுக்கு மாரடைப்பு நோயாளியைப் பற்றிய பாடத்தை எழுதினார்.

மாணவி திரையைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். நோயாளிக்கு என்ன செய்யலாம் என்று சொல்லலாம். செய்தால் என்ன ஆகும் என்பதை கம்ப்யூட்டர் சொல்லும். 1960-களின் தொடக்கத்தில் நடந்த சங்கதி இது!

அதே நாட்டில் இன்னொரு வழியும் பிறந்தது. 1963-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோவர்டு பேரோஸ் என்ற நரம்பு டாக்டர், ஆரோக்கியமான ஆட்களுக்கு நோயாளி மாதிரி நடிக்கக் கற்றுக் கொடுத்து மாணவர்கள் முன்னால் நிறுத்தினார். பொம்மையால் முடியாத ஒன்றை நடிகர் செய்வார். கண்ணீர் விடுவார். "இவ்வளவு நேரமா எங்கே போனீங்க?" என்று கோபித்துக் கொள்வார்.

வலியைப் பார்க்கும் கருவி உண்டா?

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. ரத்த அழுத்தத்துக்குப் பட்டை உண்டு. வலிக்கு?

கிடையாது.

அதனால்தான் இந்தப் பாடம் கடினம். மார்கோ மெக்காபெரி 1968-ம் ஆண்டிலேயே ஒரு விதியைச் சொன்னார். வலி என்று நோயாளி எதைச் சொல்கிறாரோ அதுவே வலி. அது இருக்கிறது என்று அவர் சொல்லும்போது அது இருக்கிறது. சாட்சி அவர் ஒருவர்தான்.

சின்னக் குழந்தைக்கு 0 முதல் 10 வரை சொல்லத் தெரியாது. அதற்காக டோனா வாங் என்ற நர்சும், கோனி பேக்கர் என்பவரும் அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 6 முகங்களை வரைந்தார்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் அழும். குழந்தை விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

பேசவே முடியாத பச்சைக் குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்ற 5 விஷயங்களைப் பார்த்து மார்க் போடும் முறை 1997-ம் ஆண்டில் வந்தது.

மருந்து மட்டுமே வைத்தியம் அல்ல என்பதும் பாடத்தில் உண்டு. முழங்காலை மேசையில் இடித்துக் கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறது. தேய்த்தால் வலி குறைகிறது. ஏன்? 1965-ம் ஆண்டு கனடாவைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக், இங்கிலாந்தைச் சேர்ந்த பேட்ரிக் வால் ஆகிய 2 விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஒரு "கதவு" இருப்பது போல வைத்துக் கொள்ளலாம். தொடுதல் உணர்ச்சி அந்த வழியே போனால் வலிச் செய்திக்குக் கதவு பாதி சாத்தப்படுகிறது. பயமும் கவலையும் கதவைத் திறக்கின்றன. ஆறுதலான பேச்சு சாத்துகிறது. இன்று மாணவிகள் இதைத் திரையில் கார்ட்டூன் படமாகவே பார்த்து விடலாம்.

திடுக்கிட வைத்த ஆராய்ச்சிகள்

பொம்மையும் கம்ப்யூட்டரும் பாடம் நடத்துவதுடன் நிற்கவில்லை. ஆட்களின் மனதில் ஒளிந்து இருந்ததையும் வெளியே கொண்டு வந்தன!

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக் கழகத்தில் கம்ப்யூட்டரால் வரையப்பட்ட முகங்களை நர்சு மாணவர்களிடம் காட்டினார்கள். கிழவர், இளைஞர், ஆண், பெண், வெள்ளையர், கறுப்பர் என்று பல முகங்கள். "இவருக்கு வலி எவ்வளவு? மருந்து கொடுக்கலாமா?" என்று கேட்டார்கள். 2008-ம் ஆண்டில் முடிவு வெளியானது. வலியின் அளவை மட்டும் பார்த்துப் பலர் பதில் சொல்லவில்லை. வயதும், பாலும், நிறமும் அவர்கள் கையைத் திருப்பி விட்டன. அப்படித் திருப்பியது அவர்களுக்கே தெரியவில்லை.

2016-ம் ஆண்டு விர்ஜினியா பல்கலைக் கழகத்தில் 222 மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி டாக்டர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. கறுப்பரின் தோல் வெள்ளையரின் தோலை விடத் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மை என்று நம்பியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்!

"தோல் தடிச்சவன், தாங்குவான்" என்ற பேச்சு அந்த ஊரில் மட்டும்தான் உண்டா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கலாம். "பிரசவ வலி எல்லாருக்கும் உள்ளதுதானே, ஏன் கத்துறே?" என்ற அதட்டலைக் கேட்காத குடும்பம் எத்தனை?

2017-ம் ஆண்டில் இன்னொரு அதிர்ச்சி. அமெரிக்காவில் வலியை முகத்தில் காட்டும் ரோபோவையும், கம்ப்யூட்டர் முகத்தையும் செய்து, மருத்துவத் துறையினரிடமும் சாதாரண ஆட்களிடமும் காட்டினார்கள். வலியைச் சரியாகக் கண்டு பிடித்ததில் மருத்துவத் துறையினர்தான் பின்தங்கினார்கள்! தினமும் வலியைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

2022-ம் ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரியார் இதற்கு ஒரு மருந்து கண்டு பிடிக்க முயன்றார்கள். வயிறு மாதிரி ஒரு ரப்பர் மேடை. மேலே ஒரு ரோபோ முகம். மாணவர் வயிற்றை அழுத்த அழுத்த, அழுத்தத்துக்குத் தக்கபடி முகம் சுளிக்கிறது. முகத்தின் நிறத்தையும் ஆண், பெண் என்பதையும் மாற்றலாம். அழுத்தும் விரலையும் பார்க்கும் கண்ணையும் சேர்த்துப் பழக்குவது இதன் நோக்கம்.

பட்டன் யார் கையில்?

மாணவிகள் கற்க வேண்டிய இன்னொரு கருவி, நோயாளியே பட்டனைத் தட்டி மருந்து ஏற்றிக் கொள்ளும் பம்பு. பிலிப் செக்சர் என்ற அமெரிக்க டாக்டர் 1970 வாக்கில் இந்த யோசனையைச் செயல்படுத்திக் காட்டினார்.

பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் இதை மாட்டுவார்கள். வலி வந்தால் நர்சைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம். பட்டனைத் தட்டினால் ஒரு சிறு அளவு மருந்து ரத்தத்தில் ஏறும். அடுத்த சில நிமிடங்களுக்கு எத்தனை முறை தட்டினாலும் ஏறாது. பம்பு பூட்டிக் கொள்ளும்.

இதில் ஒரு தந்திரமான பாதுகாப்பு இருக்கிறது. மருந்து கூடினால் நோயாளி தூங்கி விடுவார். தூங்குகிறவர் பட்டனைத் தட்ட மாட்டார். மருந்து தானாக நின்று விடும்.

ஆனால் பாசம் அந்தப் பாதுகாப்பை உடைத்து விடுகிறது!

"அப்பா தூக்கத்துல முனகுறாரே" என்று மகன் தட்டுகிறான். "பாவம், வலிக்குமே" என்று மனைவி தட்டுகிறாள். தூங்குகிறவர் உடம்பில் மருந்து ஏறிக் கொண்டே போகிறது. இப்படி நோயாளிக்குப் பதில் வேறு ஆள் பட்டன் தட்டுவது உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமைப்பு 2004-ம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது.

பயிற்சிக் கூடத்தில் இதையும் நடித்துப் பார்க்கிறார்கள். ஒரு மாணவி "மகளாக" வந்து பட்டனைத் தட்டுவாள். இன்னொரு மாணவி அவளைக் கோபிக்காமல், அழ வைக்காமல் தடுத்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். கணக்குப் போட்டு ஊசி போடுவதை விட இது கடினம் என்று கண்டு கொள்கிறார்கள்.

பூட்டிக் கிடந்த மருந்து

நம் நாட்டுக் கதை வேறு.

அபினிச் செடியில் இருந்துதான் மார்பின் கிடைக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க லைசென்சுடன் அபினி பயிராகிறது. வெளிநாடுகளுக்கும் போகிறது. ஆனால் இங்குள்ள புற்று நோயாளிக்கு மார்பின் மாத்திரை கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது.

காரணம், 1985-ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களைப் பிடிப்பதற்காகப் போட்ட சட்டம். குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல் என்றதும் ஆஸ்பத்திரிகள் நடுங்கின. ஒரு பாட்டில் மாத்திரைக்குப் பல இலாகாக்களில் பல லைசென்சுகள். "எதுக்கு வம்பு?" என்று பல இடங்களில் மார்பின் வாங்குவதையே நிறுத்தி விட்டார்கள். பல ஆண்டுகளாக மார்பினைக் கண்ணால் பார்க்காமலே டாக்டர்களும் நர்சுகளும் படித்து முடித்து வெளியே வந்தார்கள்.

2014-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட அவசிய மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி என்று ஆனது. சட்டத்தின் பூட்டு தளர்ந்தது. மனதின் பூட்டு?

அதைத் திறக்கத்தான் படிப்பு. கேரளாவில் 1993-ம் ஆண்டு கோழிக்கோட்டில் வலி தணிப்பு இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். பிறகு திருவனந்தபுரத்தில் "பாலியம் இந்தியா" என்ற அமைப்பை 2003-ம் ஆண்டில் நிறுவினார். 2018-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்த அமைப்பு டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இன்டர்நெட் வழியாக வகுப்பு நடத்துகிறது.

வகுப்பு நடத்தும் முறை அமெரிக்காவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-ம் ஆண்டில் தொடங்கிய "எக்கோ" முறை. குக்கிராமத்தில் இருக்கும் நர்சு, தன் நோயாளியின் கதையை வீடியோவில் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார். தூரத்தில் இருக்கும் நிபுணர்களும், மற்ற ஊர் நர்சுகளும் கேட்டு யோசனை சொல்வார்கள். ஒருவருக்குச் சொன்ன யோசனை அத்தனை பேருக்கும் பாடம். இதற்குப் பல லட்ச ரூபாய் பொம்மை தேவை இல்லை. ஒரு செல்போன் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய் வலி தணிப்பு சிகிச்சை தருவதும் அதில் சேர்க்கப்பட்டது. வீட்டுக்குப் போகும் நர்சுக்குப் பக்கத்தில் டாக்டர் இல்லை. சுவரில் திரை இல்லை. மணி அலறாது. நோயாளியின் முகமும் வார்த்தையும் மட்டும்தான். இப்படிப்பட்ட நர்சுக்குத்தான் முனகும் பொம்மையின் பாடம் அதிகம் தேவை.

பொம்மையால் முடியாதது

பொம்மைக்கு வியர்க்காது. பல பொம்மைகளுக்கு முகம் சுளிக்கத் தெரியாது. வலியுடன் 3 மாதம் தூங்காமல் இருந்தவரின் சலிப்பு அதற்குத் தெரியாது. வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளைக்குப் பீஸ் கட்ட முடியவில்லை என்ற கவலை கிடையாது.

லண்டனில் 1967-ம் ஆண்டு மரணத் தறுவாயில் உள்ளவர்களுக்காகத் தனி ஆஸ்பத்திரி தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்சாக இருந்தவர். பிறகுதான் டாக்டருக்குப் படித்தார். உடம்பு வலி, மன வலி, குடும்ப வலி, "எனக்கு ஏன் இப்படி?" என்ற வலி எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றார் அவர். வலி வந்த பிறகு கெஞ்ச விட்டு மருந்து தரக் கூடாது; வலி தலை தூக்கும் முன்பே மணிப் பிரகாரம் தர வேண்டும் என்பதை நடத்திக் காட்டினார்.

இதைப் பொம்மையிடம் முழுதாகக் கற்க முடியாது. ஆனால் உயிருள்ள நோயாளி மேல் முதல் தவறைச் செய்யாமல் இருக்கக் கற்கலாம்.

நோயாளிகளே, உறவினர்களே!

நர்சு மாணவி கற்கும் இந்தப் பாடத்தில் நோயாளிக்கும் பங்கு உண்டு.

வலி என்றால் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். "சிஸ்டர் திட்டுவாங்க" என்று பல்லைக் கடிக்க வேண்டாம். "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், பத்துக்கு எத்தனை என்று எண்ணைச் சொல்ல வேண்டும். மருந்து கொடுத்த பிறகு எத்தனை ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 8 இருந்தது 4 ஆனால் அதுவும் ஒரு செய்தி.

ஊசி போட்ட பிறகு நோயாளி எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, விட்டு விட்டு மூச்சு விட்டாலோ உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். "தூங்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று இருந்து விடக் கூடாது.

பம்பு மாட்டி இருந்தால் பட்டனை நோயாளி மட்டுமே தட்ட வேண்டும்.

பயிற்சிக் கூடத்தில் பாட்டியின் கதை அதோடு முடியவில்லை. அதே மாணவி மறுபடியும் உள்ளே போகிறார். "பத்துக்கு எத்தனை, பாட்டி?" என்று கேட்கிறார். "ஒன்பது." மறுபடியும் கணக்கு. மறுபடியும் ஊசி.

இந்த முறை அவர் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. பாட்டியின் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்று, கைக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணிக் கொண்டு இருந்தார்.

16.